கழிவு போக

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் போய் சென்னியப்பன் என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. 'கழிவு' சென்னியப்பன் என்று கேட்கவேண்டும். மஞ்சள் விளைவித்த காட்டுக்காரர் மூட்டையை இறக்கி வாயைத் திறப்பதற்குள், ஈரத்துக்கு இவ்வளவு, மண்ணுக்கு இவ்வளவு, ஒட்டிக்கொண்டிருக்கும் வேருக்கு இவ்வளவு என்று எடையில் கழித்துவிடுகிற தரகர் அவர். அது மண்டி வழக்கம்தான், எல்லாத் தரகர்களும் செய்வதுதான். ஆனால் மற்றவர்கள் அதை மண்டியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நம்ம ஆள் வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டு வீட்டுக்கும் கொண்டுபோனார். யார் எதைச் சொன்னாலும் அதில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்தை நம்புகிறவன்தான் புத்திசாலி என்பது அவருடைய வேதம். மழை கொட்டுகிறது என்றால் தூறல். அவசரம் என்றால் நாளைக்குப் பார்க்கலாம். பெண்டாட்டி வயிறு வலிக்கிறது என்றால் சோடா.

பெண்டாட்டி கோகிலவாணி சோடா குடித்துக் குடித்தே இரண்டு வருஷத்தை ஓட்டினாள். பிறகு ஒருநாள் அடுப்படியில் சுருண்டு விழுந்தாள். குடலில் கட்டி என்றார்கள். கெட்ட கட்டி இல்லை, ஆனால் வயிற்றை மேலிருந்து கீழே திறந்துதான் எடுக்கவேண்டும் என்றார்கள். அப்போதும் சென்னியப்பன் டாக்டரிடம், கொஞ்சம் சின்னதாகத் திறந்தால் போதாதா என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் சென்னியப்பனுக்கே குடலிறக்கத்துக்காக அடிவயிற்றில் ஆபரேஷன் நடந்திருந்தது. இதே ஆஸ்பத்திரிதான். வலை வைத்துத் தைத்தது, கீறலும் பெரிசு. மனிதர் முக்கவில்லை, முனகவில்லை. மறுநாளே எழுந்து நடந்துபோய்ப் பக்கத்துக் கட்டில்காரருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்தத் தழும்பு அவருக்குக் கோயிலில் கட்டிய பரிவட்டம் மாதிரி ஆகிவிட்டது. கல்யாணப் பந்தியிலோ எழவு வீட்டிலோ மண்டியில் டீ குடிக்கும் இடத்திலோ பேச்சு உடம்பைப் பற்றித் திரும்பினால் போதும், ஆரம்பித்துவிடுவார். முடிக்கிற வரி மட்டும் என்றைக்கும் மாறாது. “தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்பாங்க. எனக்கு வந்தும் தெரியலீங்க.” கேட்டவர்கள் சிரிப்பார்கள். கோகிலவாணியும் சாம்பார் ஊற்றிக்கொண்டே சிரிப்பாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், அவளை ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்த நேரத்தில், பிளெஸ்ஸி என்கிற நர்ஸ் சக்கரம் வைத்த பெட்டி ஒன்றை அறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தாள். இடுப்பளவு உயரம். மேலே ஒரு திரை, மருந்துப் பை மாட்ட ஒரு கொக்கி, ஆள் முகத்தைப் பார்க்க ஒரு கண்ணாடிக் கண், ஓரத்தில் பச்சை விளக்கு. தான் படுத்திருந்தபோதும் தலைமாட்டில் இப்படி ஒன்று பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்தது சென்னியப்பனுக்கு லேசாக ஞாபகம் வந்தது. அதை அவர் பிரஷர் பார்க்கிற மிஷின் என்று நினைத்திருந்தார்.

பிளெஸ்ஸி விளக்கினாள். முன்பெல்லாம் வயிற்றைத் திறந்தவர்களுக்கு மணிக் கணக்கு வைத்து நரம்பில் வலி மருந்து ஏற்றுவார்கள். ஒருத்தருக்கு அது பத்தாது, இன்னொருத்தருக்கு அதிகமாகிவிடும். அப்புறம் நோயாளி கையிலேயே ஒரு பொத்தானைக் கொடுத்து, வலித்தால் அமுக்கு, மருந்து இறங்கும் என்றார்கள். நம்ம ஊர்ப் பொம்பளைகள் பழக்கமாகிப் போய்விடும் என்று பயந்து அமுக்கவே மாட்டேன் என்றார்கள். கூட இருந்த சொந்தக்காரர்கள் பாவப்பட்டு, தூங்குகிறவர்களுக்கும் சேர்த்து அமுக்கி, ஒன்றிரண்டு பேருக்கு மூச்சே நின்றுபோகப் பார்த்தது. அதனால்தான் இந்தப் பெட்டி. முகத்தைப் பார்க்கும், வியர்வையைப் பார்க்கும், நாடியையும் மூச்சையும் முனகலையும் கேட்கும். எவ்வளவு மருந்து வேண்டுமென்று தானே முடிவு செய்து நரம்பில் விடும்.

“எல்லாத்தையும் அதே பாத்துக்குதுன்னா நான் எதுக்குக் கண்ணு?” என்றார் சென்னியப்பன்.

“காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்குதுங்க ஐயா, வலிக்கு அப்படி ஒண்ணு இல்லை. ஒருத்தர் கத்தினா அஞ்சு, அதே கத்தல் இன்னொருத்தருக்கு ஒன்பது. பெட்டிக்கு அம்மாவைத் தெரியாதுல்ல. அவங்களை நல்லாத் தெரிஞ்சவங்க ஒருதடவை சொல்லிக் குடுத்துட்டா, அதை வெச்சு அது கணக்குப் போட்டுக்கும்.”

“அவளையே கேட்டுக்கலாமே.”

“காலையிலேயே கேட்டுச்சுங்க. ‘எனக்கென்ன தெரியும், மாமாவக் கேட்டுக்கங்க’ன்னுட்டாங்க. இங்க வர்ற அம்மாமாருங்க பாதிப்பேரு அப்படித்தான் சொல்றாங்க.”

சென்னியப்பனுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தார், மண்டியில் மூட்டைக்கு எதிரே உட்காருகிற அதே தோரணையில்.

பெட்டியைச் செய்தவர்கள் ஊருக்கு ஊர் பேச்சை மாற்றி வைத்திருந்தார்கள். அது ஈரோட்டுக்காரி மாதிரியே பேசியது. அம்மா வலிக்குதுன்னு சொன்னா நெசமா எவ்வளவு இருக்குமுங்க என்று கேட்டது.

“பாதி கழிச்சுக்கோ சாமி,” என்றார் சென்னியப்பன். சொல்லிவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். மகள் பிறந்தபோது இவள் ஊரையே கூட்டின கதையைப் பெட்டிக்கும் பிளெஸ்ஸிக்கும் சேர்த்துச் சொன்னார்.

முனகினால் எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்டது. முனகல் அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி, அதைக் கணக்கில் சேர்க்காதே என்றார். கடைசியாக, சத்தமே இல்லாமல் படுத்திருந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டது.

“ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். நல்லாருக்கான்னு வெச்சுக்கோ.”

பிளெஸ்ஸிக்குச் சிரிப்பு வந்தாலும், “ஐயா, இது நீங்க சொல்றத அப்படியே எடுத்துக்குமுங்க,” என்று ஒருதரம் சொன்னாள். உள்ளதைத்தானே சொல்றேன் என்றார் இவர். பெட்டி நன்றி சொன்னது. அம்மாவை உங்களைவிட நல்லாத் தெரிஞ்சவங்க யாருங்க இருக்கப் போறாங்க என்றும் சொன்னது. எல்லாரிடமும் அது அப்படித்தான் சொல்லும். சென்னியப்பனுக்கு அது தெரியாது. அந்த வார்த்தையில் உச்சி குளிர்ந்துபோய், கேண்டீனுக்கு இறங்கி இரண்டு போண்டா சாப்பிட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கோகிலவாணியை அறைக்குக் கொண்டுவந்து, கையில் ஊசி குத்தி, அதிலிருந்து குழாயை எடுத்துப் பெட்டியோடு சேர்த்தார்கள். மயக்கம் தெளியத் தெளிய அவள் முனகினாள். வலிக்குது மாமா என்றாள். சென்னியப்பன் பெட்டியைப் பார்த்தார். பச்சை எரிந்தது. பொட்டி பாத்துக்கும் வாணி, நீ கண்ணை மூடிப் படு என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னாள். மறுபடியும் பச்சை. அதற்கப்புறம் அவள் சொல்லவில்லை. முனகலும் நின்றுபோனது. பார்த்தாயா, மிஷின் என்றால் மிஷின்தான் என்று சென்னியப்பன் மகளுக்கு ஆஸ்திரேலியாவுக்குப் போன் பண்ணிச் சொன்னார். அம்மா அமைதியா இருக்காளாப்பா என்று மகள் கேட்டாள். கோயில் சிலையாட்டப் படுத்திருக்கா என்றார்.

மறுநாள் காலையில் இருந்து ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வரத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் போய்ப் பார்க்காவிட்டால் அடுத்த விசேஷத்தில் முகம் கொடுத்துப் பேசமுடியாத ஊர் அது. ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து நின்றார்கள். கோகிலவாணியின் அண்ணன் தங்கவேல் பெண்டாட்டியோடு வந்திருந்தார். அத்தனை பேரைக் கண்டதும் சென்னியப்பனுக்கு வாய் சும்மா இருக்குமா? தன்னுடைய குடலிறக்கத்தை எடுத்துவிட்டார். முக்காமல் முனகாமல் இருந்தது, மறுநாளே நடந்தது, பக்கத்துக் கட்டில்காரருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தது, கடைசியில் அந்தத் தலைவலியும் காய்ச்சலும். அறையே சிரித்தது. தங்கவேல் தங்கையின் தலையைத் தடவி, மாப்ளையப் பாத்துத் தைரியத்தக் கத்துக்கோ அம்மிணி என்றார். கோகிலவாணி உதட்டை அசைத்தாள். சிரிக்கிறாள் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

போர்வைக்கு வெளியே அவள் பாதம் தெரிந்தது. கட்டைவிரல் அடுத்த விரல்மேல் ஏறி, நகம் வெளுத்துப்போகிற அளவுக்கு அமுக்கிக்கொண்டிருந்தது. அமுக்கிக்கொண்டே தேய்த்தது, விடாமல். சென்னியப்பன் அதைப் பார்த்தார். பார்க்கவில்லை என்று பிற்பாடு அவரால் ஒருநாளும் தன்னிடமே சொல்லிக்கொள்ள முடியவில்லை. குளிருகிறதாக்கும் என்று நினைத்து, போர்வையை இழுத்துக் காலை மூடிவிட்டார்.

மத்தியானம் அவளுக்குக் காய்ச்சல் ஏறியது. மூச்சு மேலாகவே வாங்கியது. டாக்டர் ரெஹானா வந்தார். வலிக்கென்றே படித்த டாக்டர், நடுவயது, சத்தம் போட்டுப் பேசாதவர். நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க, இருமுங்கம்மா என்றார். கோகிலவாணி இருமவில்லை. ஒரே ஒரு தரம் இருமுங்க என்று மறுபடியும் கேட்டார். அவள் தலையை ஆட்டவும் இல்லை. இரண்டு கண்ணிலிருந்தும் நீர் வழிந்து காதுக்குள் போனது. டாக்டர் போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தார். இரண்டாவது விரலின் மேல்தோல் உரிந்து சிவப்பாக இருந்தது.

டாக்டர் பெட்டியின் பக்கம் திரும்பினார். இவங்களுக்கு ஏன் இவ்வளவு கம்மியா மருந்து போயிருக்கு என்று கேட்டார். பெட்டியிடம் யார் காரணம் கேட்டாலும் அது ஒளிக்காது. அம்மாவை நல்லாத் தெரிஞ்சவங்க சொன்னபடிதானுங்க என்று சொல்லிவிட்டு, சொன்னதை அப்படியே எடுத்துப் போட்டது. அதன் குரலில் இல்லை, சென்னியப்பனின் குரலில்.

பாதி கழிச்சுக்கோ சாமி. தொடையில் தட்டுகிற சத்தம். சிரிப்பு. முனகல் அவளுக்கு மூச்சு விடற மாதிரி, கணக்குல சேக்காதே. ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். நல்லாருக்கான்னு வெச்சுக்கோ.

அறையில் டாக்டர் இருந்தார், பிளெஸ்ஸி இருந்தாள், வாசலில் கஞ்சி பிளாஸ்க்கோடு தங்கவேல் நின்றிருந்தார். கட்டிலில் கோகிலவாணி கண்ணை மூடியிருந்தாள். சென்னியப்பனுக்குக் காதுமடல் தீப்பிடித்த மாதிரி காந்தியது. தன் சிரிப்பு இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அந்த மனிதர் அறுபத்து மூன்று வயதுவரைக்கும் கேட்டதில்லை. வேட்டி அவிழ்ந்து நடுத்தெருவில் நின்றிருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்காது.

டாக்டர் பெட்டியை நிறுத்தினார். தன் கையாலேயே ஊசியில் மருந்தை எடுத்து, குழாய் வழியாக மெல்ல மெல்ல ஏற்றினார். ஏற்றிக்கொண்டே கோகிலவாணியின் முகத்தையும் மூச்சையும் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னியப்பன் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து, கட்டைவிரல் அடுத்த விரலை விட்டு இறங்கியது. அவள் தூங்கிப்போனாள். லேசாகக் குறட்டைகூட விட்டாள்.

தங்கவேல் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சண்டைபிடித்தாவது மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். அவர் பிளாஸ்க்கை மேசைமேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வராந்தாவில் டாக்டர் ரெஹானா இவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“ஐயா, காயம் ஆறிடும். நரம்பு அப்படி இல்லை, அதுக்கு ஞாபகம் ஜாஸ்தி. முதல்ல ரெண்டு மூணு நாள் வலியை நல்லா அடக்கிட்டா பெரும்பாலும் மறந்துரும். அடக்காம விட்டா, சிலருக்கு அந்த வலி உள்ளயே தங்கிப்போயிரும். தையல் பிரிச்சு, தழும்பு வெளுத்த பின்னாலகூட இருக்கும்.”

“இவளுக்குத் தங்கிருமுங்களா?”

“தெரியலை. தங்கக்கூடாதுன்னு பாக்கறோம். எங்க மேலயும் தப்பு இருக்கு, பச்சை விளக்கைப் பாத்துட்டு அவங்களைப் பாக்காம விட்டுட்டோம்.” பிறகு கேட்டார். “நீங்க அதை விளையாட்டுக்குத்தானே சொன்னீங்க?”

“ஆமாங்க டாக்டரம்மா. வெளையாட்டுக்குத்தான்.”

அது பொய். விளையாட்டாகச் சொன்னாரே தவிர, விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பாதி என்று நிஜமாகவே நம்பித்தான் சொன்னார். டாக்டர் போன பிறகு அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டு, முதல் அசிங்கத்தின் மேல் இரண்டாவதையும் நானே பூசிக்கொண்டேனே என்று நொந்துகொண்டார். அதற்கப்புறம் அந்த ஆஸ்பத்திரியில் பெட்டிக்குப் பதில் சொல்ல வீட்டுக்காரர்களை உட்காரவைப்பதை நிறுத்திவிட்டார்கள். இவருக்கு அதனால் என்ன ஆகப்போகிறது.

தை போய் மாசி போய் பங்குனி பிறந்தது. கோகிலவாணியின் காயம் ஆறியது. வலி ஆறவில்லை. பாவாடை நாடா தழும்பில் பட்டால் துடித்துப்போவாள், அதனால் வீட்டில் எந்நேரமும் நைட்டிதான். ஃபேன் காற்று நேராகப் படுவதுகூட ஆகவில்லை. டாக்டர் ரெஹானா பயந்தது நடந்துவிட்டது. அவ்வப்போது ஆஸ்பத்திரிக்குப் போய் அரை நாள் படுத்து, நரம்பில் மெதுவாக ஏறுகிற மருந்தை எடுத்துக்கொண்டு வரவேண்டும். ஏற்றிக்கொண்டு வந்தால் சில நாள் நன்றாக இருப்பாள். பிறகு பழையபடிதான்.

சென்னியப்பன் மாறிப்போனார். மண்டிக்குப் போகிற நாளிலும் ஒரு மூட்டைக்கும் கழிவு சொல்ல வாய் வரவில்லை. காட்டுக்காரர் மஞ்சள் நன்றாகக் காய்ந்திருக்கிறது என்றால், சரி என்று எழுதிக்கொண்டார். கழிவுக்கே கழிவு விழுந்துபோச்சு என்று மற்ற தரகர்கள் கேலி பேசினார்கள். வீட்டில் அவரே வெந்நீர் வைத்தார், வாசல் கூட்டினார், ரசம் வைக்கிறேன் என்று புளித்தண்ணீர் வைத்தார். எல்லாம் செய்தார், ஒன்றைத் தவிர. அந்தப் பெட்டியிடம் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை.

அவள் அன்றைக்குக் கேட்டாளா இல்லையா? கண் மூடியிருந்தது. தூக்கமா, மயக்கமா, எல்லாம் காதில் விழுந்ததா? அதுதான் ராத்திரி பகலாக அவரை அரித்தது. கேட்டிருந்தால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது, கேட்கவில்லை என்றால் சொல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய திருட்டுத்தனம். ஒருநாள் சுற்றி வளைத்து, அன்னிக்கு டாக்டர் வந்து இருமச் சொன்னது ஞாபகம் இருக்கா வாணி என்று கேட்டார். மயக்கத்துல என்னத்தைங்க ஞாபகம் இருக்கும் என்றாள். சென்னியப்பனுக்கு நெஞ்சிலிருந்து கல் இறங்கியது. அடுத்த நிமிஷமே, இதில் ஒரு நிம்மதியா, தூ, என்று தன்னையே காறித் துப்பவேண்டும்போல் இருந்தது.

வலிக்குதா என்று ஒரு நாளைக்குப் பத்து தரம் கேட்டார். இல்லீங்க மாமா என்பாள் ஒவ்வொரு தரமும். ஆனால் அவருக்கு இப்போது கால் பார்க்கத் தெரிந்திருந்தது. இல்லீங்க மாமா என்று சொல்லும்போதே அந்தக் கட்டைவிரல் அடுத்த விரல்மேல் ஏறும். முப்பத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார். அவள் சத்தம் போடுவது வலி தாங்குகிற மட்டும்தான், தாங்காமல் போனால் வாயே திறக்கமாட்டாள் என்பதை அந்தக் கால்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது.

அன்றைக்கும் மருந்து ஏற்றுகிற நாள். கூப்பிடும்வரை இரண்டு பேரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். டிவியில் சத்தமில்லாமல் ஏதோ சமையல் ஓடியது. அதற்கு மேல் சென்னியப்பனால் முடியவில்லை. டிவியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார், அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் இல்லை.

“வாணி. ஆபரேசனுக்கு முந்தி அந்தப் பொட்டி எங்கிட்டக் கேட்டுச்சு. நான் வாய் கொழுப்புல…”

“பாதி கழிக்கச் சொன்னீங்க,” என்றாள் கோகிலவாணி. “தெரியுமுங்க மாமா.”

மயக்கம்னு சொன்னியே என்றார் அவர்.

“நீங்க அத்தன பயந்துட்டுக் கேட்டீங்க. வேற என்ன சொல்றதாம்.”

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது அவர் கரையேறியிருப்பார். நைட்டிமேல் போட்டிருந்த துண்டைச் சரிசெய்துகொண்டே, குழம்புக்கு உப்புப் போட்டதைச் சொல்கிற மாதிரி அவள் மேலே சொன்னாள்.

“என்னையுங்கூடத்தான் கேட்டுச்சு அந்தப் பொட்டி, உங்குளுக்கு ஆபரேசன் பண்றப்போ. அதே கேள்விதான். அவரு வாயத் தொறந்து சொல்ற ஆளு இல்லீங்க, ரெண்டுன்னு சொன்னா எட்டுன்னு வெச்சுக்கங்கன்னேன். கம்முனு படுத்திருந்தா தாங்க முடியலைன்னு அர்த்தமுங்க. வலி வந்தா பல்லக் கடிப்பாரு, காதுக்குப் பக்கத்துல நரம்பு துடிக்கும், அதப் பாத்துப் பாத்து மருந்து விடுங்கன்னேன். அதே மாதிரி அது விட்டுச்சு.”

சென்னியப்பன் கையை அவரறியாமல் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அங்கே ஒரு நரம்பு இருப்பதே அவருக்கு இன்றைக்குத்தான் தெரியும். மூன்று வருஷத்துப் பந்திகள் ஒவ்வொன்றாக வந்து கண்முன் நின்றன. ஒவ்வொரு பந்தியிலும் இவர் மார்தட்டிக்கொண்டிருந்தார், ஒவ்வொன்றிலும் அவள் சாம்பார் வாளியோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். இவருடைய வீரம் மொத்தமும் அவள் ஏற்றச் சொன்ன மருந்து. அந்த வீரத்தை அளவுகோலாக வைத்துத்தான் அவள் வலியில் பாதியைக் கழித்திருக்கிறார்.

“இத்தன நாளும் ஏன் வாணி சொல்லலை?”

“நீங்க சந்தோசமாச் சொல்லிட்டுத் திரிஞ்சீங்க. அதப் போய் எதுக்குக் கெடுக்கறது.”

உள்ளேயிருந்து பிளெஸ்ஸி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கோகிலவாணி வயிற்றில் கையை அணைத்துக்கொண்டு எழுந்தாள், இவர் பின்னாலேயே போனார். கட்டிலில் படுக்கவைத்து, கையில் ஊசி ஏற்றி, பிளெஸ்ஸி கேட்டாள். இப்பொழுதெல்லாம் நோயாளியைத்தான் கேட்பார்கள், பத்துக்கு எவ்வளவு என்று.

“இன்னைக்கு எவ்வளவுங்கம்மா?”

கோகிலவாணி சென்னியப்பனின் முகத்தைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு, “ரெண்டு இருக்குமுங்க,” என்றாள்.

கட்டைவிரல் ஏறியிருந்தது. எட்டு, எட்டுன்னு போடு கண்ணு என்று அவருக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. வாயைத் திறந்தார். மறுபடியும் நானா என்று தோன்றியது. மூடிக்கொண்டார். தன் முகம் அங்கே இருக்கிறவரைக்கும் அவள் வாயிலிருந்து நிஜம் வராது, இத்தனை வருஷம் அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் தன் வலியைத் தானே கழித்துச் சொல்லப் பழகியிருக்கிறாள் என்பது அந்த இடத்தில்தான் அவருக்கு உறைத்தது. நான் வெளியே இருக்கேன் வாணி, நீ பாத்துச் சொல்லு என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக் கதவுதானே, முழுசாகச் சாத்தவில்லை. உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

“எட்டுங்க கண்ணு. ஒம்பதுன்னே போட்டுக்கங்க.”

சென்னியப்பன் பெஞ்சில் உட்கார்ந்தார். தலை தன்னால் குனிந்துகொண்டது. பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்து, ஏனுங்க, மண்டி சென்னியப்பண்ணனுங்களா என்று விசாரித்தார்கள். மஞ்சள் கொண்டுவருகிற பவானிக்காரர் ஒருத்தர். அவருக்கு அடுத்த வாரம் குடலிறக்க ஆபரேஷனாம். டாக்டரைப் பார்க்க வந்திருக்கிறார், வீட்டம்மா மாத்திரை வாங்கப் போயிருக்கிறார். பயமாக இருக்கிறது என்று வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். உங்குளுக்கு வலியே தெரியலையாமே, மண்டியில எல்லாருஞ் சொல்லுவாங்க, அந்தக் கதையை ஒருதரம் சொல்லுங்கண்ணா, மனசுக்குத் தைரியமா இருக்கும் என்றார்.

பழகிய வாய் தானே திறந்துகொண்டது. “தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான்…” என்றவர், அங்கேயே நிறுத்திக்கொண்டார். பவானிக்காரர் சிரிக்கத் தயாராகக் காத்துக்கொண்டிருந்தார். உள்ளே மருந்து ஏறத் தொடங்கிவிட்டதற்கு அடையாளமாகச் சின்ன மணிச்சத்தம் ஒன்று கேட்டது.

“எனக்கு வலிச்சுதா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க,” என்றார் சென்னியப்பன். “உள்ள படுத்திருக்கா பாருங்க, அவளுக்குத்தான் தெரியும்.”